நஞ்சுக்கொடியின் நொதிகள்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கர்ப்ப காலப் பரிசோதனைகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் வந்த கடிதங்களில், நஞ்சுக்கொடியில் சுரக்கும் நொதிகளோடு, அதாவது என்சைம்களோடு, தொடர்புடைய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் உங்களை நேரில் பார்க்கும் மகப்பேறு மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கல்லீரல் பரிசோதனையில் 'அல்கலைன் பாஸ்பட்டேஸ்' 240 என்று வந்து, பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் மூன்றும் சரியாக உள்ளன. மஞ்சள் காமாலையோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்று மாமியார் கேட்கிறார். – வாசகி, ஈரோடு

கீழாநெல்லிக்கு இங்கே வேலை இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி, அந்த 240-இல் கணிசமான பங்கு நஞ்சுக்கொடியிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும்.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற ஒரே பெயரில் பல நொதிகள் வழங்கப்படுகின்றன. கல்லீரலிலும் எலும்பிலும் இருப்பவை ஒரு மரபணுவிலிருந்து உருவாகின்றன. குடலில் இருப்பதற்கும் நஞ்சுக்கொடியில் இருப்பதற்கும் தனித்தனி மரபணுக்கள் உண்டு. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகளைப் போர்த்தியிருக்கும் மேலுறை, செல்லுக்குச் செல் தடுப்புச் சுவரே இல்லாமல் எண்ணற்ற உட்கருக்களோடு ஒரே விரிப்பாக அமைந்தது. தாயின் ரத்தம் நேரடியாக அதன்மீது பாய்வதால், அந்த மேலுறையில் உள்ள இந்த நொதி தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே கடைசி மூன்று மாதங்களில் மொத்த அளவு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயர்வது இயல்புதான். ஆய்வகத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் வரம்போ கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கானது. கணினி அந்த வரம்போடு ஒப்பிட்டு அம்புக்குறியைப் போட்டுவிடுகிறது. இந்த ஓர் அம்புக்குறியால் எத்தனை குடும்பங்கள் தூக்கத்தைத் தொலைக்கின்றன என்பதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் அறிவார்கள். கர்ப்பிணி என்று சீட்டில் குறித்திருந்தால் அதற்குரிய வரம்பை அச்சிட்டுக் கொடுப்பது அப்படியொன்றும் கடினமான காரியம் அல்ல.

நஞ்சுக்கொடியின் நொதிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ரத்த சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் வைத்தால் எலும்பின் நொதி சில நிமிடங்களிலேயே செயலிழந்துவிடும், கல்லீரலுடையதும் பெருமளவு அழிந்துபோகும். நஞ்சுக்கொடியுடையதோ 65 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று பிரித்தறிய ஆய்வகங்கள் முன்பு இந்தச் சூட்டுச் சோதனையைத்தான் நம்பியிருந்தன. இன்று அதைவிட எளிதான வழி இருக்கிறது: ஜி.ஜி.டி. என்ற மற்றொரு கல்லீரல் நொதி கர்ப்பத்தால் உயர்வதில்லை. அது இயல்பாக இருந்து அல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் ஏறியிருந்தால், கல்லீரலை இதில் சந்தேகப்பட வேண்டிய அவசியம் பெரும்பாலும் எழாது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் அதிகமாகும் அரிப்பு தோன்றினால், அதைச் சூடு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பித்த அமிலம் தேங்கும் கர்ப்ப காலக் கல்லீரல் நோயாக இருக்கலாம், அதைக் கண்டறிய ரத்தத்தில் பித்த அமிலத்தையே அளக்க வேண்டும். அரிப்பு ஏதும் இல்லையென்றால், பிரசவத்திற்குப் பிறகு சில வாரங்களில் உங்கள் எண் தானாக இறங்கிவிடும்.

கேள்வி: மருமகளுக்கு ஐந்தாம் மாதம். வறட்டு இருமல் விடவில்லை. கர்ப்பிணிக்கு ஆங்கில மருந்து வேண்டாம் என்று அதிமதுரத்தைப் பொடித்துத் தேனில் குழைத்து மூன்று வேளையும் கொடுத்து வருகிறேன். மகன் எதையோ படித்துவிட்டு நிறுத்தச் சொல்கிறான். நாட்டு மருந்தில் என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது? – வாசகி, தஞ்சாவூர்

அம்மா, மகன் சொல்வதைக் கேளுங்கள். தேனைக் கொடுக்கலாம், அதிமதுரத்தை நிறுத்திவிடுங்கள்.

கார்டிசால் என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கர்ப்ப காலத்தில் இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது. அது அப்படியே உள்ளே சென்றால் குழந்தையின் வளர்ச்சி குன்றும், மூளை உருவாகும் விதமும் மாறக்கூடும். ஆனால் கருவின் ரத்தத்தில் அதன் அளவு, தாயினுடையதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். காரணம், நஞ்சுக்கொடியில் இருக்கும் '11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ் 2' என்ற நீண்ட பெயருடைய நொதி. கடந்து வரும் கார்டிசாலைக் கார்டிசோன் என்ற செயலற்ற பொருளாக அது மாற்றிவிடுகிறது. அதிமதுரத்திற்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின், உடலில் சிதைந்த பின், சரியாக இந்த நொதியைத்தான் முடக்குகிறது.

இதை மனிதர்களிடம் ஆராய வாய்ப்பளித்த நாடு பின்லாந்து. சால்மியாக்கி முதலான அதிமதுர மிட்டாய்களை அங்கே எல்லா வயதினரும் விரும்பித் தின்கிறார்கள். ஹெல்சின்கியில் 1998-இல் பிறந்த 378 பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பரிசோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் வாரத்திற்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள், நுண்ணறிவுத் தேர்வுகளில் மற்றவர்களைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றிருந்தார்கள். பெண் குழந்தைகளிடம் பருவமடைதலின் அறிகுறிகளும் முந்தியிருந்தன. இது தாய்மார் தாமாக உண்டதைக் கேட்டறிந்து ஒப்பிட்ட ஆய்வு மட்டுமே என்பதால் அதிமதுரம்தான் காரணம் என்று முடிவாகச் சொல்ல இயலாது. ஆயினும் நொதியின் வேதியியலும் அதே திசையைக் காட்டுவதால், கர்ப்பிணிகள் அதிக அளவில் அதிமதுரம் உண்பதைத் தவிர்க்குமாறு பின்லாந்தின் பொது சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். வேளைக்கு 1 கிராம் பொடி என்றால் வாரத்திற்கு 21 கிராம். அதிமதுர வேரில் கிளைசிரைசின் எடைக்கு 5 சதவீதம் என்று வைத்தாலும் வாரத்திற்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. பின்லாந்து ஆய்வில் 'அதிகம்' என்று குறித்த அளவைப் போல இரு மடங்கு. அங்கே 500 மில்லிகிராமை எட்டவே கால் கிலோ மிட்டாய் தின்ன வேண்டும். போதாததற்கு, இதே நொதி தாயின் சிறுநீரகத்திலும் இருப்பதால், அது முடங்கும்போது உப்பும் நீரும் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ஆகவே அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மருமகளின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை கொடுத்ததை எண்ணிக் கலங்க வேண்டாம். வாரக்கணக்காக, மாதக்கணக்காக உண்பதைப் பற்றிய எச்சரிக்கைதான் இது. இருமல் இரண்டு வாரத்தைக் கடந்திருந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்காக என் தங்கைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த மருத்துவர், 'இது குழந்தையை எட்டாது, தைரியமாகச் சாப்பிடு' என்றார். ஏழாம் மாதத்திலேயே வலி கண்ட என் தோழிக்கு 'குழந்தையின் நுரையீரலுக்காக' என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரண்டில் ஒன்று தவறாகத்தானே இருக்க வேண்டும்? – வாசகர், திருச்சி

இரண்டும் சரி. தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன அதே நொதிதான் இதற்கும் விடை. உங்கள் தங்கைக்குக் கொடுத்தது பெரும்பாலும் பிரெட்னிசோலோனாக இருக்கும். அதை இந்த நொதி கார்டிசாலைப் போலவே பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுவதால், தாயின் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குழந்தைக்குப் போய்ச் சேரும். எனவே 'எட்டவே எட்டாது' என்பதைவிட 'மிகக் குறைவாகவே எட்டும்' என்பது துல்லியமான சொல். பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் ஆகிய இரண்டின் மூலக்கூறிலும் ஒரு ஃப்ளோரின் அணுவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தால் நொதியின் பிடியிலிருந்து அவை பெருமளவு தப்பிக் குழந்தையை அடைகின்றன. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர வேண்டும் என்பதற்காகவே அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆட்டுக்குட்டிகளின் பிறப்பை ஆராய்ந்துகொண்டிருந்த கிரஹாம் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சுவிடுவதைக் கண்டார். அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 1972-இல் வெளியானது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில், குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்திற்கு ஒரு முறை 4 ஊசிகள் போடுவது அந்த ஆய்வின் தொடர்ச்சிதான்.

கேள்வி: ஈஸ்ட்ரோஜெனை நஞ்சுக்கொடி சுரக்கிறது என்று ஒரு பாடத்தில் உள்ளது; கருவின் உதவி இல்லாமல் அதனால் சுரக்க இயலாது என்று இன்னொரு பாடத்தில் உள்ளது. எது சரி? – உயிர்வேதியியல் மாணவி, மதுரை

இரண்டு பாடங்களும் ஒரே கதையின் இரு பாதிகள். கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலிலிருந்து ஈஸ்ட்ரோஜெனுக்குப் போகும் வழியில் 17-ஆல்பா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி தேவை. சூலகத்தில் அது இருக்கிறது. மனித நஞ்சுக்கொடியில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே நஞ்சுக்கொடியால் கொலஸ்டிராலை எடுத்துப் புரோஜெஸ்டிரோன் வரை கொண்டுவர முடிகிறது, அதற்கு மேல் நகர முடிவதில்லை. இடையில் விடுபட்ட அந்தப் படியைக் கருவின் அட்ரினல் சுரப்பி செய்து கொடுக்கிறது. உடலின் அளவோடு ஒப்பிட்டால் கருவின் அட்ரினல் வியப்பூட்டும் அளவுக்குப் பெரியது. பிறந்த சில மாதங்களில் அதன் பெரும்பகுதி சுருங்கி மறைந்துவிடும். டி.எச்.இ.ஏ. சல்பேட் என்ற மூலப்பொருளை அது பெருமளவில் சுரக்கிறது. கருவின் கல்லீரல் அதன் 16-ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதியைச் சேர்க்கிறது. அது நஞ்சுக்கொடிக்கு வந்ததும், ஸ்டீராய்டு சல்பட்டேஸ் என்ற நொதி சல்பேட்டை வெட்டி எடுக்கிறது. இறுதியில் அரோமட்டேஸ் என்ற நொதி அதை எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜெனாக மாற்றுகிறது. நூல் ஒரு வீட்டில், சாயம் இன்னொரு வீட்டில், தறி மூன்றாவது வீட்டில் என்று நெசவு நடக்கும் தெருவைப் போன்ற ஏற்பாடு இது. தாயின் உடலில் இருக்கும் எஸ்ட்ரியோலில் ஏறக்குறைய 90 சதவீதத்திற்குக் கருதான் மூலப்பொருளைத் தந்திருக்கும். சுவீடனில் பணியாற்றிய ஈகான் டிட்ஸ்ஃபலூஷி இதைக் 'கரு–நஞ்சுக்கொடிக் கூட்டமைப்பு' என்று 1960-களில் வரையறுத்தார்.

இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்டீராய்டு சல்பட்டேஸுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதன் குறை பெரும்பாலும் ஆண் குழந்தைகளில் வெளிப்படும். அப்படிப்பட்ட குழந்தையைச் சுமக்கும் தாயின் ரத்தத்தில் எஸ்ட்ரியோல் மிகமிகக் குறைவாக இருக்கும். பிரசவ வலி தானாகத் தொடங்கத் தாமதமாகலாம். குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கும்; பிறகு அதன் தோலில் மீன் செதிலைப் போன்ற படலம் தோன்றும். நான்கு பொருட்களை அளக்கும் 'குவாட்ரபிள்' பரிசோதனையில் எஸ்ட்ரியோல் மட்டும் அடியோடு குறைந்திருந்தால், டவுன் நோய்க்குறியை நினைப்பதோடு இதையும் நினைக்க வேண்டும்.

அரோமட்டேஸ் இல்லாத நஞ்சுக்கொடி இன்னும் அரிது. 1991-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். ஈஸ்ட்ரோஜெனாக மாற வேண்டிய ஆண் ஹார்மோன்கள் மாறாமல் தேங்கித் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுவதால், இத்தகைய கர்ப்பங்களில் தாய்க்கு முகத்தில் முடி வளரும், குரல் தடிக்கும். பிரசவத்திற்குப் பின் அறிகுறிகள் படிப்படியாகக் குறையும். கருவில் இருப்பது பெண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பின் வெளித்தோற்றம் ஆணுடையதைப் போல மாறியிருக்கும். இயல்பான கர்ப்பத்தில், கரு அவ்வளவு ஆண் ஹார்மோன் மூலப்பொருளைச் சுரந்தும் தாய்க்கு ஏன் மீசை முளைப்பதில்லை என்ற கேள்விக்கான விடையும் இதில் அடங்கியிருக்கிறது. தேர்வில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இந்தக் கர்ப்பங்கள் நிறைமாதம் வரை நீடித்ததால், கர்ப்பம் நிலைப்பதற்கு அவ்வளவு பெருமளவு ஈஸ்ட்ரோஜென் கட்டாயமில்லை என்பது தெரியவந்தது.

கேள்வி: மூன்றாம் மாத 'டபுள் மார்க்கர்' பரிசோதனையில் பாப்-ஏ 0.35 மோம் என்று குறைவாக வந்திருக்கிறது. கருவின் பின்கழுத்து நீர்ப்பகுதியை அளக்கும் என்.டி. ஸ்கேன் நன்றாக உள்ளது, டவுன் நோய்க்குறிக்கான வாய்ப்பும் குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் அடிக்கடி ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள்? – வாசகி, சென்னை

பாப்-ஏ வெறும் அடையாளக் குறி மட்டும் இல்லை. அதுவும் நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு நொதிதான். 1974-இல் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தபோது அதன் வேலை என்ன என்று தெரியவில்லை. 1999-இல்தான் அது புரதங்களை வெட்டும் நொதி என்பது உறுதியானது. இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியைக் கட்டிவைத்திருக்கும் ஒரு புரதத்தை அது வெட்டி, அந்தக் காரணியை விடுவிக்கிறது. விடுவிக்கப்பட்ட காரணி நஞ்சுக்கொடியும் குழந்தையும் வளர உதவுகிறது.

மோம் என்பது அதே வாரத்தில் உள்ள கர்ப்பிணிகளின் நடு அளவோடு ஒப்பிட்ட மடங்கு. 0.4-க்குக் கீழே இருந்தால், குரோமோசோம் சரியாக இருந்தாலும், பின்னாளில் குழந்தையின் எடை குறைவதற்கும் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுவதற்கும் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. அதற்காகத்தான் கடைசி மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இத்தகைய முடிவு வந்த பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகவே பிரசவிக்கிறார்கள். மற்ற காரணங்களையும் சேர்த்துப் பார்த்துக் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 16 வாரத்திற்கு முன்பே தொடங்கினால்தான் அதற்கு நல்ல பலன் இருக்கும் என்பதால், இதைக் கேட்பதற்கு அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் என் மனைவி ஒரு நாளைக்கு 7, 8 லிட்டர் தண்ணீர் குடிக்கிறார், அதே அளவு சிறுநீரும் போகிறது. சர்க்கரை இல்லை. தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடுமா? – வாசகர், திருநெல்வேலி

தண்ணீரைக் குறைக்கவே குறைக்காதீர்கள். இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் நீரைச் சேமிக்க உதவும் வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனையும், பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசினையும் வெட்டிச் சிதைக்கும் நொதி ஒன்றை நஞ்சுக்கொடி சுரக்கிறது. வழக்கமாகத் தாயின் மூளை கூடுதலாகச் சுரந்து அதை ஈடுகட்டிவிடும். நஞ்சுக்கொடி பெரிதாக இருக்கும் இரட்டைக் கர்ப்பத்திலும், இந்த நொதியைக் களைய வேண்டிய கல்லீரல் பழுதுபட்டிருக்கும்போதும் சில வேளை ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ஒரு லட்சம் கர்ப்பங்களில் 2 முதல் 4 பேருக்குத்தான் இது வரும் என்றாலும், கல்லீரல் கோளாறும் உயர் ரத்த அழுத்தமும் இதோடு சேர்ந்து வரக்கூடும் என்பதால் அவற்றையும் சோதிக்க வேண்டும். வாசோபிரஸ்ஸினின் முனையைச் சிறிது மாற்றிச் செய்த டெஸ்மோபிரஸ்ஸினை இந்த நொதியால் வெட்ட முடியாது. அதுவே இதற்கு மருந்து. பிரசவமாகி நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் இந்தத் தாகம் அடங்கிவிடும்.

கேள்வி: இத்தனை நொதிகள் காவல் இருக்கும்போது, எப்போதாவது குடிக்கும் கொஞ்சம் மதுவையும் தினசரி காபியையும் நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்ளாதா? – வாசகி, பெங்களூரு

மதுவைப் பார்த்துக்கொள்ளாது. எந்தப் பொருளுக்குத் தக்க நொதி இருக்கிறதோ அந்தப் பொருளுக்கு மட்டும்தான் காவல். மதுவைச் சிதைக்கும் திறன் நஞ்சுக்கொடிக்கு மிகக் குறைவு. தாயின் ரத்தத்தில் ஏறிய அளவு விரைவிலேயே குழந்தையின் ரத்தத்திலும் ஏறத்தாழ அதே அளவுக்கு வந்துவிடும். புகையில் நிலைமை இன்னும் சிக்கலானது: புகைபிடிக்கும் பெண்களின் நஞ்சுக்கொடியில் சி.ஒய்.பி.1ஏ1 என்ற நொதி பன்மடங்கு பெருகுகிறது. ஆனால் அது புகையின் சில நச்சுகளை டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் வடிவத்திற்கு மாற்றுவதால், அந்தப் பெருக்கத்தைப் பாதுகாப்பு என்று எண்ணிவிட முடியாது.

காபியில் உள்ள கஃபீனும் தடையின்றிக் கடந்து செல்லும். கருவிடமோ நஞ்சுக்கொடியிடமோ அதைச் சிதைக்கும் முக்கிய நொதி போதிய அளவு இல்லை. தாயின் கல்லீரலும் அதை மெதுவாகவே அகற்றுகிறது. வழக்கமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் கஃபீன், கடைசி மாதங்களில் பாதியாவதற்குப் பதினைந்து மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். காலையில் குடித்ததன் மிச்சம் மறுநாள் காலையிலும் இருக்கும் என்று பொருள். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவோர் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மகப்பேறு மருத்துவர்கள் பலர் 200-ஐயே எல்லையாக வைக்கிறார்கள். ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்‌ஷனில்தான் கஃபீன் அதிகம் என்பதையும், சிக்கரியில் கஃபீனே கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், சிக்கரி கலந்த தூளில் போட்ட சிறிய டம்ளர் காபியைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிப்பதில் தவறில்லை. நாள் முழுவதும் குடிக்கும் டீயையும் கோலாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.